முதல் பாடவேளையில் பிரியும் வகுப்பு

ஆர்.சி. தொடக்கப்பள்ளி என்று பெயர்ப்பலகை தொங்கும் பள்ளிகள் பலவற்றில் காலை வழிபாடு முடிந்ததும் ஒரு சிறிய இடமாற்றம் நடக்கும். திடலில் ஒரே வரிசையில் நின்ற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவுக்கு வந்ததும் இரண்டாகப் பிரிவார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஓர் அறைக்குப் போவார்கள், அங்கே ஞானோபதேசம். மற்றவர்களுக்கு அடுத்த அறை, அங்கே நீதிபோதனை. அரை மணி நேரத்தில் மணி அடிக்கும். எல்லோரும் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்து கணக்கு நோட்டைத் திறப்பார்கள். சில பள்ளிகளில் இப்போது மறைக்கல்வி, நன்னெறி என்று பெயர் மாறியிருக்கிறது. வராந்தாவில் பிரிவது மாறவில்லை.

கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றி நடக்கும் சண்டைகளில் இந்த வராந்தா வருவதே இல்லை. ஒரு தரப்பு மதமாற்றம் என்கிறது, மறு தரப்பு கல்விச் சேவை என்கிறது. இருவருமே ஊருக்குள் இருக்கும் ஐந்து வகுப்புத் தொடக்கப்பள்ளியை விட்டுவிட்டு, பட்டணத்துக் கான்வென்டையோ கல்லூரியையோ மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். தொடக்கப்பள்ளியைக் கொஞ்சம் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும். நம்பிக்கையைப் பாடமாக நடத்தும்போது இந்தப் பள்ளிகள் தடுமாறுகின்றன. அதையே வேலையாக, விளையாட்டாக, விழாவாக நடத்தும்போது நன்றாகவே நடத்துகின்றன. ஆனால் நேரமும் தேர்வும் பரிசும் முதலாவதற்கே போகின்றன. இந்தக் கட்டுரை சொல்லும் குறை அதுதான்.

பிரித்து உட்காரவைப்பது கெட்ட எண்ணத்தில் வந்த ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்தலாம் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 30-ஆம் கூறு. அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற நிலையத்தில் படிக்கும் ஒருவரை, அவருடைய இசைவு இல்லாமல் மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்கச் சொல்லக் கூடாது என்கிறது 28-ஆம் கூறின் மூன்றாம் உட்பிரிவு. வயது வராத பிள்ளை என்றால் காப்பாளரின் இசைவு வேண்டும். திருச்சபையும் இதே திசையில்தான் நகர்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபரில் கிறிஸ்தவக் கல்வியைப் பற்றியும், அதே ஆண்டு டிசம்பரில் சமயச் சுதந்திரத்தைப் பற்றியும் அறிக்கைகள் வெளியிட்டது. 1988-இல் கத்தோலிக்கக் கல்விக்கான உரோமைப் பேராயம், பள்ளியில் கற்பிக்கும் சமயப்பாடம் வேறு, நம்பிக்கை கொண்டவர்களை அந்த நம்பிக்கையில் வளர்க்கும் மறைக்கல்வி வேறு, இரண்டும் தொடர்புடையவை ஆனாலும் ஒன்றல்ல என்று விளக்கியது. சமயப்பாடம் அறிவுக்கு உரியது, யாரும் படிக்கலாம். மறைக்கல்விக்கு இடம் முதலில் ஊர்க் கோயிலைச் சார்ந்த பங்கும் குடும்பமும் என்பது அதன் போக்கு. நம் பள்ளிகள் இதை வாங்கிக்கொண்ட விதம்தான் விசித்திரம். ஆவணம் இரண்டு வகைக் கற்றலைப் பிரித்தது. பள்ளி இரண்டு வகைப் பிள்ளைகளைப் பிரித்துவிட்டது.

இந்தப் பிள்ளைகள் யார் என்று தெரியாமல் மேலே பேசுவதில் பொருளில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, நாடெங்கும் கிறிஸ்தவப் பள்ளிகளில் படிப்பவர்களில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் கிறிஸ்தவர் அல்லாதவர் என்றது. சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கட்டாயக் கல்விச் சட்டத்திலிருந்து கிடைக்கும் விலக்கைக் குறைசொல்ல எழுந்த அறிக்கை அது. ஆனாலும் அந்த எண்ணை இப்படியும் படிக்கலாம்: பெரும்பான்மைச் சமூகத்தின் பெற்றோர் தேடிவந்து பிள்ளையைச் சேர்க்கும் இடம் இது.

தமிழ்வழி உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளில் அந்தப் பெற்றோர் யார் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தபோது, 2024 ஜூலை 15-இல் அதைத் தொடங்கிவைத்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப்பள்ளி. நகர்ப்புறத்து உதவிபெறும் பள்ளிகளுக்கு அது வந்தபோது, 2025 ஆகஸ்ட் 26-இல் சென்னை மயிலாப்பூரின் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில் தொடங்கியது. இரண்டு முறையும் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியாக அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளை இங்கே இருக்கிறது என்பது தற்செயல் இல்லை. கூலி வேலைக்கும் கடலுக்கும் கட்டட வேலைக்கும் விடியுமுன் கிளம்பிவிடும் வீடுகளின் பிள்ளைகள் இவர்கள். வழிபாட்டு வரிசையில் தலைசுற்றி விழும் பிள்ளையை மரத்தடிக்குத் தூக்கிப்போய்த் தண்ணீர் தெளிப்பது இந்தப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பழகிய வேலையாக இருந்தது. இப்போது செபத்துக்கு முன்னால் உப்புமாவோ பொங்கலோ வந்துவிடுகிறது. அதில் இறையியல் குறை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

இனி அந்த இரண்டு அறைகள்.

ஞானோபதேச அறையை ஏளனமாகப் பார்ப்பது சுலபம். ஓர் அறை முழுக்கப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு பத்துக் கட்டளைகளையும் ஏழு அருளடையாளங்களையும் ஒரே ராகத்தில் ஒப்பிக்கிறார்கள். ஆனால் அந்த ராகத்துக்குத் தமிழில் நீண்ட வயது உண்டு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்த செபங்களை மனப்பாடம் செய்வித்தார். கற்றதை வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்லி அனுப்பினார். பிள்ளைதான் அங்கே உபதேசியார். அவருக்குப் பின் வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கசு அடிகள் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, மறுஆண்டு கொச்சியில் அச்சிட்ட ‘கிரிசித்தியானி வணக்கம்’ இரண்டுமே ஞானோபதேசப் புத்தகங்கள்; இரண்டாவது, குரு கேட்கச் சீடன் சொல்லும் வினாவிடை வடிவில் அமைந்தது. தமிழ் எழுத்து அச்சுக்கு வந்ததே இந்தப் பாடத்துக்காகத்தான். பிற்காலத்தில் ‘சின்னக் குறிப்பிடம்’ என்ற வினாவிடைச் சுவடி தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்க வீடுகளில் புழங்கியது. எழுத்தறியாத பாட்டிமார் சாகும் நேரத்தில் தடுமாறாமல் செபம் சொன்னார்கள் என்றால் இந்த மனப்பாடத்தின் பலத்தில்தான். அதைத் தள்ளிவிட முடியாது.

குறை மனப்பாடம் செய்வதில் இல்லை. அதன்மேல் தேர்வை ஏற்றியதில் இருக்கிறது. மறைமாவட்ட அளவில் மறைக்கல்வித் தேர்வு, சான்றிதழ், தரவரிசை; போதாததற்கு விவிலிய வினாடி வினா. இயேசு பகிர்ந்தளித்த அப்பத்தை ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பிறகு மீந்தது எத்தனை கூடை என்று கேட்டால், கேள்வி முடியுமுன் பன்னிரண்டு என்று ஒரு கை உயரும். சரியான விடை, இரண்டு மதிப்பெண். அதே கதை யோவான் நற்செய்தியில் வரும்போது, ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் ஒரு சிறுவனிடம் இருந்தவை என்று இருக்கிறது. அவன் ஏன் கொடுத்தான்? கேட்டவுடன் கொடுத்திருப்பானா? கொடுத்துவிட்டு அவன் என்ன சாப்பிட்டான்? தட்டை ஏந்தி வரிசையில் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடையாது. ஆனால் இதற்கு மதிப்பெண் போட முடியாது என்பதால் கூடையை எண்ணுகிறோம்.

முதல் நற்கருணைக்கான ஆயத்தமும் இதே வயதில்தான் வருகிறது. நன்மை தீமை பிரித்தறியும் வயது ஏறத்தாழ ஏழு என்று 1910-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் முடிவு செய்து, அதுவரை பத்து, பன்னிரண்டு வயதுவரை தள்ளிப்போயிருந்த முதல் நற்கருணையைக் கீழே கொண்டுவந்தார். சிறு பிள்ளைக்கு நிறையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சாதாரண அப்பத்துக்கும் இதற்கும் வேறுபாடு தெரிந்தால் போதும் என்பது அந்த ஆணையின் உயிர். நூறாண்டுக்கு மேல் ஆகியும் நம் ஊரில் அந்த ஆயத்தம் ஒரு நுழைவுத்தேர்வு போல நடக்கிறது. வெள்ளை உடுப்புக்கும் மெழுகுதிரிக்கும் சாப்பாட்டுக்கும் கடன் வாங்கும் வீடுகளைப் பற்றிப் பங்குச் சாமிமார் கோயிலில் கண்டிக்கிறார்கள். பள்ளியில் நடக்கும் ஒத்திகையில் மட்டும் யாருடைய கவுனில் எத்தனை அடுக்கு என்பது வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

பக்கத்து அறையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அதுதான் அந்த அறையின் குறை. நீதிபோதனைக்குத் தனி ஆசிரியர் இல்லை; அந்த நேரத்தில் கை ஓய்வாக இருப்பவர் போவார். பெரும்பாலும் புத்தகமும் இல்லை. ஒரு சிங்கமும் எலியும், ஒரு காகமும் நரியும், நேரம் மிஞ்சினால் முந்தின நாள் வீட்டுப்பாடம். தேர்வு கிடையாது, எனவே ஆண்டுவிழா மேடையில் பரிசும் கிடையாது. தேர்வும் பரிசும் உள்ள பாடம் ஓர் அறையில், ஒன்றும் இல்லாத பாடம் இன்னோர் அறையில் என்று தினமும் நடந்தால், எந்த அறை பெரிது என்பதைச் சொல்லித்தர ஆசிரியர் தேவையில்லை. கட்டாயப்படுத்தாமல் விட்டோம் என்று பள்ளி நினைத்துக்கொள்கிறது. பிள்ளை தன்னைக் கணக்கில் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறது.

இழப்பு அந்த அறைக்கு மட்டும் என்றும் இல்லை. பக்கத்தில் உட்காரும் மாரியம்மாள் ஏன் ஆடி மாதம் காப்புக் கட்டிக்கொண்டு வருகிறாள், நோன்பு மாதத்தில் அப்துல் மதியச் சாப்பாட்டு வரிசைக்கு ஏன் வருவதில்லை என்பவை கத்தோலிக்கப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்பு முடியும்வரை பாடமாக வருவதில்லை. எல்லாச் சமயங்களைப் பற்றியும் சொல்லிக்கொடுப்பது சட்டம் தடுக்கும் மதபோதனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் அருணா ராய் வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. சட்டம் கதவைத் திறந்துவைத்திருக்கிறது. பள்ளிகள்தாம் வராந்தாவிலேயே நின்றுவிட்டன.

பெற்றோரின் இசைவு என்பதையும் இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். காலை வழிபாட்டில் விண்ணகத் தந்தையை நோக்கிய செபம் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. பிள்ளை வீட்டுக்குப் போய் மாரியாத்தா படத்துக்கு முன்னால் சிலுவை போட்டுக் கும்பிடுகிறது. வீட்டில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வேளாங்கண்ணிக்கு மொட்டை போட நேர்ந்துகொள்ளும் நாட்டில் அது வியப்பும் இல்லை. இந்தச் சகஜத்தைப் பள்ளிகள் தங்கள் மதநல்லிணக்கத்துக்குச் சான்றாகக் காட்டுகின்றன. அதில் உண்மை உண்டு. ஆனால் வேறு பள்ளி கைக்கெட்டாத தாய் வாய் திறக்காமல் இருப்பதும், சட்டம் கேட்கும் இசைவும் ஒன்றாகாது. சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி தனியாகக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. பல பள்ளிகள் கேட்பதில்லை. கேட்டால் அவள் வேண்டாம் என்றுவிடுவாளோ என்ற பயமாக இருக்கலாம். என் அனுமானம், நூற்றுக்குத் தொண்ணூறு தாய்மார் சரி என்றே சொல்வார்கள்.

சொல்லாத அந்தச் சிலருக்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986-இல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. அந்தப் பள்ளியை நடத்தியது இந்துச் சமூக அமைப்பு ஒன்று. பிள்ளைகள் கிறிஸ்தவப் பிரிவு ஒன்றைச் சேர்ந்தவர்கள். அன்று அந்தத் தீர்ப்பில் நிம்மதியடைந்த கிறிஸ்தவர்கள், தங்கள் பள்ளித் திடலில் செபம் சொல்லாமல் கண்ணைத் திறந்துகொண்டு நிற்கும் பிள்ளையிடமும் அதே நிம்மதியை விட்டுவைக்க வேண்டும். “கண்ணை மூடு” என்று தலையில் குட்டும் கை இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை.

இத்தனை குறைக்குப் பிறகும் இந்தப் பள்ளிகளை நான் விட்டுக்கொடுக்க விரும்பாததற்குக் காரணம், வராந்தாவுக்கு வெளியே நடப்பவை.

டிசம்பரில் குடில் கட்டுவதைப் பாருங்கள். கேழ்வரகை மண்சட்டியில் விதைத்து, பத்து நாளுக்கு முன்னரே முளைக்கவைக்கத் தெரிய வேண்டும். முந்திவிட்டால் பழுத்துச் சாயும், பிந்திவிட்டால் புல் வராது. வைக்கோல் கொண்டுவருபவன் ஒருவன், களிமண் பிசைபவள் ஒருத்தி, சாக்கைச் சாயத்தில் தோய்த்து மலையாக்கும் கூட்டம் ஒன்று. இதில் எவன் வீட்டில் எந்தச் சாமி என்று யாரும் கேட்பதில்லை. மாட்டைச் சரியாக வரையத் தெரிந்தவன் வீட்டில் மாடு இருக்கும், அவ்வளவுதான். அறிவியல், அளவு, திட்டமிடல், ஒருவரை ஒருவர் பொறுத்துப்போவது எல்லாம் ஒரே வாரத்தில் நடந்துவிடுகின்றன. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 முதல் வகுப்பறைக்குள் கொண்டுவர முயலும் செயல்வழிக் கற்றல் இங்கே குடிலடியில் வெகுகாலமாக நடந்துவருகிறது. பள்ளி அதைக் கற்றல் என்று எண்ணுவதில்லை; விழா வேலை என்கிறது. எனவே குடில் கட்டிய பிள்ளைகளோடு உட்கார்ந்து, மாட்டுத் தொழுவத்தில் ஒரு குழந்தை ஏன் பிறக்க வேண்டி வந்தது, அவர்களுக்கு இடம் கொடுக்காதவர்கள் யார், இந்த ஊரில் இன்று யாருக்கு வீடு வாடகைக்குக் கிடைப்பதில்லை என்று பேச யாருக்கும் தோன்றுவதில்லை. கதையும் கையும் அத்தனை பக்கத்தில் இருக்கும்போது பேசாமல் விடுவது பெரிய வீண்.

விழா மேடை ஏறியதும் வேறு நோய்கள் வருகின்றன. மரியாளாக யார், சம்மனசாக (வானதூதராக) யார் என்று தேர்வு நடக்கும்போது நிறம் பார்க்கும் வழக்கத்தை இன்றும் காணலாம். வெளுத்த பெண் மரியாள். அடுத்த வெளுப்பு சம்மனசு. கறுத்தவன் ஏரோதின் காவலாளி. எல்லோரும் கடவுளின் சாயல் என்று காலையில் ஓர் அறையில் சொல்லிவிட்டு மாலை ஒத்திகையில் இதைச் செய்தால், பிள்ளை எதை நம்பும் என்பதில் சந்தேகமில்லை. கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைக்கு மரியாள் வேடம் கொடுக்கலாமா என்ற தயக்கம் சில இடங்களில் உண்டு. கொடுத்த பள்ளிகளில் வானம் இடிந்து விழவில்லை. சிறப்பு விருந்தினருக்காக அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய நாட்களை ஒத்திகைக்குத் தின்னக் கொடுப்பதும், வாடகை உடைக்குப் பெற்றோரிடம் பணம் கேட்பதும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு மட்டும் உரிய குறைகள் அல்ல, விட்டுவிடுகிறேன்.

தவக்கால உண்டியல் இன்னொரு நல்ல பழக்கம். திருநீற்றுப் புதனுக்குப் பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் அட்டையால் செய்த சிறு உண்டியல் கொடுப்பார்கள். மிட்டாய்க்காசைச் சேர்த்து ஈஸ்டருக்குள் திருப்பித் தர வேண்டும். பிள்ளைகளே பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணத்தில் பிரான்சின் நான்சி மறைமாவட்ட ஆயர் போர்பன்-ஜான்சன் 1843-இல் தொடங்கிய பாலர் சபையின் வழிவந்த பழக்கங்களில் இதையும் சேர்க்கலாம். ஏழைப் பிள்ளையும் கொடுப்பவனாக நிற்கும் அரிய தருணம் அது. ஆனால் எந்த வகுப்பு அதிகம் சேர்த்தது என்று வழிபாட்டில் அறிவித்துக் கைதட்டச் சொல்லும்போது அது கெட்டுப்போகிறது. பணம் எங்கே போனது, யாருக்கு என்ன வாங்கப்பட்டது என்று பிள்ளைகளுக்குத் திரும்பி வந்து சொல்லும் பள்ளிகள் குறைவு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையால் கூட்டல் கழித்தல் செய்ய முடியும். கணக்கை அவர்கள் கையிலேயே கொடுக்கலாம். தர்மத்தையும் நேர்மையையும் ஒரே தாளில் கற்றுக்கொள்வார்கள்.

ஒழுங்கு என்பது இந்தப் பள்ளிகளுக்குப் பெற்றோர் தரும் முதல் பாராட்டு. “சிஸ்டர் பள்ளிக்கூடம், அடக்கமா வளர்ப்பாங்க” என்பார்கள். இதில் கத்தோலிக்க மரபே இரண்டு குரலில் பேசுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தொன் போஸ்கோ 1877-இல் எழுதிய தம் கல்விமுறையில் அறிவு, சமயம், அன்பு மூன்றையும் தூண்களாக வைத்து, அடிப்பதை ஒதுக்கினார். ஆசிரியர் பிள்ளைகளோடு விளையாட்டுத் திடலில் இருக்க வேண்டும், தவறு நடந்தபின் தண்டிப்பதைவிட நடக்குமுன் உடன் இருப்பது மேல் என்பது அவர் கட்சி. அவருடைய சலேசியத் துறவிகள் இந்தியாவில் முதலில் பணி தொடங்கிய ஊர் தஞ்சாவூர், 1906-இல். அந்த மரபு நம் மண்ணிலேயே இருக்க, வாயில் விரல் வைத்து உட்காரும் அமைதியைத்தான் தொடக்கப்பள்ளிகள் பெருமையாகக் காட்டுகின்றன. ஒரு வகுப்பு சத்தமில்லாமல் இருப்பது மேற்பார்வைக்கு வருபவருக்கு நல்லது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன நன்மை என்று எனக்கு விளங்கியதில்லை.

இனிச் சொல்லப்போவது பாடத்திலோ விழாவிலோ சேராதது. ஆனால் பிள்ளைகள் நம்பிக்கையைப் பற்றி மிகுதியாகக் கற்றுக்கொள்ளும் இடம். ஒரே சுற்றுச்சுவருக்குள் இரண்டு பள்ளிகள் நடக்கும் வளாகங்கள் பல உண்டு. ஒரு பக்கம் அரசு உதவிபெறும் தமிழ்வழித் தொடக்கப்பள்ளி. மறுபக்கம் அதே துறவறச் சபை நடத்தும் ஆங்கிலவழிப் பள்ளி, கட்டணம் உண்டு, பேருந்து உண்டு. புனிதர் ஒருவரே, வாசல் இரண்டு. சீருடையைப் பார்த்தாலே யார் எந்த வாசல் என்று தெரிந்துவிடும். தமிழ்வழிப் பக்கத்தில் ஆகஸ்ட் முதல் நாள் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயம் ஆகும் என்பதால், மே மாத வெயிலில் ஆசிரியர்கள் பிள்ளை பிடிக்க வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். ஆங்கிலவழிப் பக்கத்தில் பெற்றோர் விண்ணப்பத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். கட்டணப் பள்ளியின் வருமானம்தான் இலவசப் பள்ளியைத் தாங்குகிறது என்று நிர்வாகம் சொல்லும். சில இடங்களில் அது உண்மை. கழிப்பறையும் கூடுதல் ஆசிரியரும் அப்படி வந்தவைதாம். உதவிபெறும் பள்ளிச் சிஸ்டர்களின் அரசுச் சம்பளம் சபைக்கே போகிறது என்பதும் தெரிந்ததே. சபைக்குப் போனாலும் அதற்கு வருமான வரிப் பிடித்தம் உண்டு என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வரித்துறை கேட்கும் கணக்கைப் பெற்றோர் கேட்க வழியில்லை. கேட்காமலே காட்டும் நிர்வாகம் இருந்தால், வருடம் முழுக்க நடத்தும் நீதிபோதனையைவிட அது மேலானது. தலித் கிறிஸ்தவர்கள் பள்ளி நியமனங்களிலும் நிர்வாகத்திலும் தங்கள் பங்கைக் கேட்டு நெடுங்காலமாகப் போராடிவருவதும் இந்தக் கணக்கைச் சேர்ந்ததே.

2024 ஏப்ரலில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. பிற சமயப் பிள்ளைகள்மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது. காலை வழிபாட்டில் அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையை வாசிக்க வேண்டும். அதை நுழைவாயிலில் வைக்க வேண்டும். எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான செப அறை ஒன்று அமைக்க வேண்டும். கிறிஸ்தவ நிறுவனங்கள்மீது தாக்குதல்கள் கூடிவந்த சூழலில் எழுந்தவை இவை. தற்காப்பு நோக்கம் இருப்பதால் மதிப்புக் குறையாது. முகப்புரை வாசிப்பு நல்லது, ஆனால் தொடக்கப்பள்ளியில் அதுவும் இன்னொரு மனப்பாடமாகும் ஆபத்து உண்டு. அதில் வரும் சகோதரத்துவம் எட்டு வயதுக்கு என்ன என்பதை யாராவது பிரித்துச் சொல்ல வேண்டும். பொதுச் செப அறை, இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்தும் கிராமப் பள்ளிக்குக் காகிதத்தில் மட்டுமே சாத்தியம். அறை கட்டுவதற்குப் பதில், இருக்கும் அரை மணி நேரத்தைப் பொதுவாக்கலாம் என்று அந்த வழிகாட்டுதல்கள் சொல்லியிருந்தால் செலவில்லாமல் நடந்திருக்கும்.

இதற்கிடையில் சட்டமும் நிலையாக இல்லை. சிறுபான்மைப் பள்ளிகள் அனைத்துக்கும் கட்டாயக் கல்விச் சட்டத்திலிருந்து விலக்கு என்று 2014-இல் பிரமதி வழக்கில் வந்த தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு விட்டிருக்கிறது. உரிமையைக் காக்க வழக்கறிஞரைத் தேடும் அதே வேகத்தில், உரிமையை வைத்துக்கொண்டு காலை அரை மணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதையும் பார்ப்பது நல்லது.

முதல் பாடவேளையை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டு, மறைக்கல்வியை ஞாயிற்றுக்கிழமைக்கு, பங்குக்கு, குடும்பத்துக்கு விட்டுவிடலாமே என்பது சீர்திருத்தம் பேசுபவர்கள் சொல்லும் வழி. பட்டணத்தில் அது சரி. கிளைக் கிராமங்களில் செல்லாது. ஒரு பங்குச் சாமி பல ஊர்களைப் பார்க்கிறார். சில ஊர்களில் ஞாயிறு பூசையே வாரம் தவறாமல் நடப்பதில்லை. மறைக்கல்வி நடத்த முன்வரும் இளைஞர்கள் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே பள்ளி தரும் அந்த அரை மணி நேரத்தைப் பறித்தால் கத்தோலிக்கப் பிள்ளைக்கு ஒன்றுமே மிஞ்சாது. எனவே மறைக்கல்வி பள்ளியிலேயே இருக்கட்டும். ஆனால் நாளின் முதல் பாடவேளையில் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் கடைசிப் பாடவேளை போதும். அந்த நேரத்தில் மற்ற பிள்ளைகள் தோட்டத்திலோ திடலிலோ நூலகப் பெட்டியோடோ இருந்தால், எந்த அறை பெரிது என்ற கேள்வியே எழாது. ஞானோபதேசத்துக்குப் போகும் பிள்ளைகள்தாம் திடலைப் பார்த்து ஏங்குவார்கள். காலை நேரம் ஒன்றாக இருக்கட்டும். அந்தப் பொது வகுப்பைக் கை ஓய்வானவரிடம் தள்ளாமல் தலைமையாசிரியர் சிஸ்டரே எடுக்கட்டும்.

இது நடக்குமா என்றால், மறைமாவட்டத் தேர்வு இருக்கும்வரை நடக்காது. மதிப்பெண் கேட்கப்படும் அறையை விட்டுவிட்டு மதிப்பெண் இல்லாத அறைக்கு எந்தச் சிஸ்டரும் வர மாட்டார். அவரைக் குறைசொல்லவும் முடியாது, ஆண்டு முடிவில் அவரிடம் கேட்கப்படுவது அந்தப் பட்டியல்தான். ஐந்தாம் வகுப்புவரை மறைக்கல்விக்குத் தேர்வும் தரவரிசையும் வேண்டாம் என்று ஆயர் இல்லத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும். அதற்குச் சட்டத் திருத்தமோ அரசு அனுமதியோ நிதியோ தேவையில்லை.